கடைசிக் குடத்துக்கு ஒரு கை

அந்தக் காலத்துத் தண்ணீர் அமிர்தம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் வீட்டில் என் மகன்தான் அப்படி ஆரம்பிப்பான். அவன் அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்ததில்லை. சமையலறைச் சுவரில் நீல விளக்கு எரிகிற சுத்திகரிப்பு இயந்திரத்தை மாட்டிவிட்டு, அதிலேயே டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் முத்திரப்பாளையத்துத் தண்ணி மாதிரி வருமாம்மா?" என்று என்னிடம் கேட்பான். அந்தத் தண்ணீர் ருசியாகத்தான் இருந்தது. ஆளைப் படுக்கையில் தள்ளவும் செய்தது. இரண்டையும் ஒரே குழாயில் பிடித்தவள் நான்.

ஏக்கம் எனக்கும் உண்டு. நான் ஏங்குவது அந்தக் குழாயை எனக்காக அழுத்திய ஒரு கைக்கு.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிய வருஷம் எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பாவுக்கு மில்லில் தறி வேலை. பட்டணத்தின் வடக்கு ஓரத்தில், குருசுக்குப்பத்துக்குப் போகிற தெருவில் ஒண்டிக்குடித்தனம் இருந்தோம். தெருமுனையில் பெரியவர்களின் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் தூணாக நிற்கும். அதன் தலையில் பெரிய பித்தான். அழுத்திப் பிடித்தால் முத்திரப்பாளையத்து ஊற்றுத் தண்ணீர் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். தண்ணீர் வீணாகக் கூடாது என்று எந்தத் துரை யோசித்து வைத்தானோ, பிடிக்க வருகிறவளுக்கு எத்தனை கை என்று மட்டும் யோசிக்கவில்லை. உள்ளே ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு. எங்களைப் போன்ற பெண்பிள்ளைகள் இரண்டு கையையும் வைத்து, உடம்பையும் மேலே சாய்த்தால்தான் பித்தான் அசையும். அதே நேரம் குழாயின் வாயில் வடிகட்டும் துணியைப் பிடிக்க வேண்டும், குடத்தைச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற காரியம் இல்லை.

அதனால் எங்கள் குழாயடிக்கு ஒரு சட்டம் இருந்தது. பின்னால் நிற்கிறவள் முன்னால் இருப்பவளுக்கு அழுத்த வேண்டும். முதல் நாள் சாயங்காலம் முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்களாக இருந்தாலும், மறுநாள் காலை முகத்தைத் திருப்பிக்கொண்டாவது அழுத்திக் கொடுப்பார்கள். இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை மட்டும் உண்டு. கடைசியாக நிற்பவளுக்குப் பின்னால் ஆள் கிடையாது. அவள் பாடு அவளோடு.

கடைசியில் நின்றது எப்போதும் குப்பத்துப் பெண்கள்தான். குப்பத்துக் கிணறுகள் எல்லாம் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் அவர்கள் எங்கள் தெருக் குழாய்க்குத்தான் வர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வந்தாலும், "மீன் வாட அடிக்குது, தள்ளி வையி" என்று யாராவது அவர்களுடைய குடத்தைக் காலால் நகர்த்திவிடுவார்கள். பெரிய பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வந்து தங்களுக்குள் அழுத்திக்கொண்டு போவார்கள். என் வயதில் ஒருத்தி மட்டும் தனியாக வருவாள். அவளுடைய அம்மா விடியும்போதே மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு இவள் வந்து சேர்வதற்குள் வரிசை கரைந்திருக்கும்.

ஒருநாள் என் பித்தளைக் குடம் நிரம்பி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏ மில்லுக்காரி! ஒரு அழுத்து அழுத்திட்டுப் போயேன்."

திரும்பிப் பார்த்தேன். குழாய்க்குப் பக்கத்தில் மண் குடத்தோடு அவள் மட்டும் நின்றாள்.

"எனக்கு நேரமாவுது."

"எனக்கு மட்டும் நேரம் இன்னா, நின்னுகிட்டா இருக்குது?"

சிரிப்பு வந்துவிட்டது. குடத்தை இறக்கிவைத்துவிட்டு அழுத்தினேன். மறுநாள் வரிசையில் எனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம், "நீங்க போங்கக்கா, நீங்க போங்கம்மா" என்று முன்னால் அனுப்பினேன். எல்லாருக்கும் ஆச்சரியம். இந்தத் தெருவில் யாரும் யாருக்கும் இடம் விட்டதே கிடையாது. தெருக்கோடியில் இட்லி சுட்டு விற்கிற அம்மா ஒருத்தி, முழங்கையாலேயே பித்தானை அழுத்துகிற அளவுக்குப் பலசாலி, என் கன்னத்தைக் கிள்ளி, "இன்னாடி இது, திடீர்னு தருமராசாவா மாறிட்ட?" என்று கேட்டாள். நான் அந்த மண் குடக்காரிக்காகக் காத்திருந்தேன். அவள் வந்ததும் அவள் எனக்கு அழுத்தினாள், பிறகு நான் அவளுக்கு அழுத்தினேன். எங்களுக்குப் பின்னால் அவசரப்படுத்த யாரும் இல்லை. கடைசியில் நிற்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அன்று தொடங்கி வருஷக்கணக்காக நாங்கள் இருவரும்தான் அந்தக் குழாய்க்குக் கடைசி ஆட்கள். வேறு எங்கும் நாங்கள் சந்தித்ததில்லை. அவள் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை, நான் குப்பத்து மணலில் கால் வைத்ததில்லை. குழாயடியில் கிடைத்த நேரம்தான் எங்களுக்கு. வாடைக் காற்று அடிக்கிறது, கட்டுமரம் இறங்கவில்லை, இன்றைக்கு வீட்டில் கஞ்சிதான் என்பாள். மில்லில் சங்கு ஊதினால் அப்பா எப்படிச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து துள்ளி எழுவார் என்று நான் நடித்துக் காட்டுவேன். அழுத்துகிற அவளுடைய மணிக்கட்டில் எப்போதும் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு வெயிலில் மின்னும். நான் அதை நகத்தால் எடுக்கப் போனால் கையை இழுத்துக்கொள்வாள். "வுடுடி, எனக்கும் ஒரு வளையல் வேணாமா?" என்பாள்.

வடிகட்ட நான் கொண்டுபோனது அப்பாவின் பழைய வேட்டித் துணி. அவள் கொண்டுவந்தது அரக்குச் சிவப்புச் சேலைக் கிழிசல். மழைக்காலத்தில் குழாயில் முதலில் செந்தண்ணீர் வரும், துருவும் மண்ணுமாக. அவளுடைய துணியில் அது தெரியவே தெரியாது. "செவப்புத் துணியில செவப்புத் தண்ணி எப்படிடி தெரியும், மண்டு?" என்று திட்டி, என் துணியில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன். செந்தண்ணீரைச் சாக்கடையில் விட்டுவிட்டு, வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகு குடத்தை வைப்போம். தண்ணீரைப் பற்றி எங்கள் தெரு முழுவதற்கும் தெரிந்த ஞானம் அவ்வளவுதான். சிவப்பாக இருந்தால் கெட்டது, தெளிவாக இருந்தால் நல்லது.

இரண்டு குடமும் நிரம்பிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். ஒருத்தி அழுத்த, மற்றவள் கையைக் குவித்துக் குழாயிலேயே குடிப்பது. காலை இரண்டாம் சங்கு ஊதுகிற நேரத்துக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் முதலில் குடிப்பவளுக்குத்தான் வேகமான தண்ணீர். அதனால் ஒருநாள் அவள் முதலில், ஒருநாள் நான் முதலில் என்று முறை வைத்திருந்தோம். யாருடைய முறை என்பதில் சண்டையும் வரும்.

எனக்குப் பதிமூன்று பதினான்கு வயது இருக்கும்போது ஓர் ஐப்பசி மழை வந்தது. அடித்து ஓய்ந்த பிறகும் குழாயில் செந்தண்ணீர் வரவில்லை. முதல் சொட்டிலிருந்தே கண்ணாடி மாதிரி தெளிவு. பெண்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அந்த வாரத்தில்தான் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கிற அரசாங்க ஆள் ஒருவர், தலையில் தொப்பியும் கையில் கண்ணாடி பாட்டிலுமாக வந்து வரிசையை நிறுத்தினார்.

"தண்ணி எப்படிம்மா இருக்கு? நல்லதா?"

இட்லிக்காரம்மாதான் எங்கள் தெருவுக்கு வாய். "நல்ல தண்ணிதாங்க" என்றாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்ல தண்ணிதாங்க. ஒரு சொட்டு உப்பு கெடையாது. நாக்குல வெச்சித்தான் பாருங்களேன்."

"உப்பு இல்லன்னா நல்லதா?"

"பின்ன?"

அவள் குறும்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்குத் தண்ணீரில் இரண்டே வகை. ஒன்று உப்புத் தண்ணி, இன்னொன்று நல்ல தண்ணி. உப்பும் இல்லாமல், நல்லதும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பதற்கு எங்கள் பேச்சில் சொல்லே கிடையாது. அவர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பாட்டிலை நிரப்பி மூடினார். சோதித்துப் பார்த்துச் சொல்கிறோம், எதற்கும் அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அரிசி மாவ வெச்சா இட்லி வேவும். வெறுந் தண்ணிய வெச்சா இன்னா வேவப் போவுது?" என்றாள் இட்லிக்காரம்மா. வரிசையே சிரித்தது.

என் அம்மா சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து, ஒரே பகலில் வாந்திபேதியில் போயிருக்கிறான். நான் அவனைப் பார்த்ததில்லை. தண்ணீர் என்று யாராவது சத்தமாகச் சொன்னாலே அம்மாவின் முகம் மாறிவிடும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் கொதித்தது. ஈர விறகு, வீடெல்லாம் புகை, தண்ணீரிலும் புகை நாற்றம். அதைக் குடிக்கப் பிடிக்காமல்தான் குழாயடியில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வருவேன். அம்மாவுக்குத் தெரியாது.

அந்த நாட்களில் ஒரு காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் குழாயடிக் கூட்டாளி ஒரு கொட்டாங்கச்சியைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு, "தண்ணி எப்படிம்மா இருக்கு? நல்லதா?" என்று என்னைக் கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு அழுத்தவே கை வரவில்லை. அன்றைக்கு முதலில் குடிக்கிற முறை அவளுடையது. நான் அழுத்தினேன். அவள் குனிந்து, நிமிராமல், மூச்சு விடாமல் குடித்தாள். பிறகு நான் குனிந்தபோது குழாய் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. அவள் பித்தான்மேல் எம்பிக் குதித்துப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

"சே, போற நேரத்தப் பாரு" என்று குழாயைத் திட்டினாள். குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னாள். "நாளைக்கி நீ மொதல்ல குடி, மில்லுக்காரி. எவ்ளோ வேணா குடி. நான் அழுத்துறேன்."

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

வரிசையில் குடம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி என்பது எல்லாக் குழாயடியிலும் உள்ள வழக்கம். நான் வீட்டிலிருந்து ஒடுங்கிப்போன அலுமினியக் குடம் ஒன்றை எடுத்துவந்து, என் குடத்துக்குப் பின்னால், கடைசியாக வைத்தேன். அவளுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "யாருக்குடி எடம் புடிக்கிற? ஒம் மாமியாருக்கா?" என்று கேலி செய்தார்கள். தினமும் வைத்தேன், தினமும் காலியாகவே எடுத்துக்கொண்டு போனேன். கடைசி ஆளாக நின்ற எனக்கு இட்லிக்காரம்மா தன் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து முழங்கையால் அழுத்துவாள். அப்படி அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் சொன்னாள்.

"குப்பத்துல ஊட்டுக்கு ஊடு விஷக் காச்சலாம். நம்ம தெருவுலயும் ரெண்டு பேரு படுத்துட்டாங்க. அந்தப் பொண்ணுக்கும்தான்டி. முடியெல்லாம் கொட்டி, மொட்ட அடிச்சிட்டாங்களாம். கண்ணே தொறக்கலியாம்."

அவள் குடித்த அதே தண்ணீரை, அதே குழாயில், அவள் கடைசியாக வந்ததற்கு முந்தின நாள்வரை நானும் குடித்திருந்தேன். எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. அவளைப் பார்க்கக் குப்பத்துக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "அந்தப் பக்கம் காலெடுத்து வெச்ச, ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன்" என்றாள். புகையோ அழுகையோ, கண் சிவந்திருந்தது. நான் திரும்பக் கேட்கவில்லை.

பாட்டில் தண்ணீரின் முடிவு வந்ததாகச் சொன்னார்கள். குழாயின் தலையில் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டுத் தெருவைத் தோண்டினார்கள். எங்கள் தெருவைச் சாக்கடை குறுக்கே கடக்கிற இடத்தில், மண்ணுக்கு அடியில் குழாயின் இணைப்பு வாய் பிளந்து சாக்கடைத் தண்ணீரிலேயே கிடந்தது. தெருவே சுற்றி நின்று பார்த்தது. இட்லிக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். செந்தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கொட்டிவிட்டு, இதை நல்ல தண்ணி என்று குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். அன்று யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

என் குழாயடிக் கூட்டாளியைத் தவளக்குப்பத்துக்கு அந்தண்டை, கடலோரத்தில் இருக்கிற மாமன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உயிரோடு கொண்டுபோனார்கள் என்பதுவரை தெரிந்தது. பிழைத்தாளா என்று சொல்ல ஆள் இல்லை.

அம்மா விடாமல் அரித்து, அப்பா வீட்டுக்காரரிடம் பேசி, எங்கள் கொல்லைக்கே குழாய் வந்துவிட்டது. திருகினால் கொட்டும், திருகினால் நிற்கும். பித்தானும் இல்லை, வரிசையும் இல்லை. தண்ணீரில் லேசாக மருந்து வாடை வந்தது. அதுதான் கிருமியைக் கொல்கிறது என்று அப்பா பெருமையாகச் சொன்னார். தெருக் குழாயையும் புதிதாக இணைத்துத் திறந்துவிட்டார்கள். அதற்குள் நான் வயசுக்கு வந்திருந்தேன். ஊட்டுக்குள்ளயே கொழா இருக்கறப்போ வயசுப் பொண்ணுக்குத் தெருவுல இன்னா வேல என்று அம்மா கதவைச் சாத்தினாள். மற்ற வீட்டுப் பெண்கள் எங்கள் குழாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். நான் ஒரு கையால் திருகி, மற்றக் கையைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு, குடம் நிரம்புவதைப் பார்த்தபடி நிற்பேன். அந்தச் சும்மா கைதான் எனக்குத் தாங்கவில்லை.

எத்தனையோ காலை அப்படிப் போனது. தெருப் பக்கத்து ஜன்னலிலிருந்து குழாயடி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். குடம் உரசுகிற சத்தம், சண்டைச் சத்தம். வரிசை முடிந்து அடங்குகிற நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். "ஏ மில்லுக்காரி" என்று ஒரு குரல் வரும் என்று நினைப்பேன். மீன் விற்கிற பெண்கள் தெருவில் வந்தால் ஓடிப்போய் மணிக்கட்டைப் பார்ப்பேன். அவள் செத்துப்போயிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நாள் தோன்றும். ஒரு குப்பத்துப் பெண் செத்ததை இந்தத் தெருவில் யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்று மறுநாள் தோன்றும்.

எனக்குப் பதினேழு வயதானபோது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊர் சட்டப்படியும் கைமாறி முடிந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய்களாக இருந்த சொல்தாக்களின் வீடுகளில் யார் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று ஒரே பேச்சாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கெல்லாம் வேலை இல்லை. ஒரு காலை நான் கொல்லைக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றேன், அம்மா பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இட்லிக்காரம்மா மூட்டுவலியோடு நொண்டி நொண்டி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"போன வாரம் ஒஞ் சிநேகிதக்காரிக்குக் கல்யாணம் ஆயி, மாமன் ஊருக்கே போயிட்டா, தெரியுமா?" என்றாள் என்னைப் பார்த்து.

எனக்கு முதலில் புரியவில்லை. "யாரு?"

"யாரா? அந்தக் குப்பத்துப் பொண்ணுடி. ஒடம்பு தேறி, முடி மொளச்சித் திரும்பி வந்தப்பவே கொழாயடிக்கு வந்துட்டாளே. ரெண்டு கொடம் கொண்டாருவா. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு ஒனக்கு. ஒங் கொடத்த முன்னால வெச்சிட்டு அவ பின்னால நிப்பா. 'மில்லுக்காரி வருவா, அவ மொதல்ல குடிக்கணும், அவளுக்கு நான் பாக்கி'ன்னு சொல்லுவா. கல்யாணம் நிச்சயம் ஆவுற வரைக்கும் அப்படித்தான் நின்னா. ஒங்க அம்மாகிட்ட நான் சொன்னேனே."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அம்மா எழுந்து வந்து குழாயைத் திருகி நிறுத்திவிட்டு, அந்தத் திருகின்மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவ்வளவு கோபம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை. கத்தியிருப்பேன். ஆனால் என் கண் அந்தக் கைமேல் நின்றது. நான் பார்த்திராத அண்ணனுக்கு இந்தக் கைதான் கடைசியாகத் தண்ணீர் கொடுத்திருக்கும். வாசல் கதவைத் திறந்துகொண்டு, வெறுங்கையோடு, தெருவில் இறங்கி நடந்தேன்.

குழாயடியில் யாரும் இல்லை, வரிசை முடிந்துவிட்டிருந்தது. குப்பத்துப் பக்கம் போகிற மணல் பாதையில் வெயில் விழுந்திருந்தது. பித்தானில் கை வைத்து அழுத்தினேன். தண்ணீர் கொட்டியது, தெளிவாக. ஒரு கையை எடுத்துக் குவித்தால் பித்தான் ஏறிக்கொண்டது. திரும்பவும் அழுத்தினேன். தண்ணீர் என் காலில்தான் விழுந்தது. கடைசி ஆளுக்கு யார் அழுத்துவது? தெரு பார்க்கிறது என்ற நினைப்பே இல்லாமல் அழுதேன்.

பின்னால் யாரோ வந்து நின்றது தெரிந்தது. அம்மா. இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையை மெல்ல விலக்கினாள். கரி படிந்த தன் இரண்டு கைகளையும் பித்தான்மேல் வைத்து, உடம்பைச் சாய்த்து அழுத்தினாள்.

"குடி" என்றாள்.

கொதிக்கவைக்காத தண்ணீர். குனிந்து, மூச்சு விடாமல் குடித்தேன். அன்றைக்கு நான்தான் முதலில் குடித்தேன். எனக்குப் பிறகு குடிக்க யாரும் இல்லை.